எந்தப் பதிப்புக்குச் சொன்ன ‘சரி’?

திருகோணமலைக் கடற்கரையில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதி நடத்தும் ஒரு நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவில் ஐந்து பேர் வேலை செய்வதாகவும், துண்டுப்பிரசுரம், அறைவிலைப் பட்டியல், இணையதள வாசகம், முகநூல் விளம்பரம் எல்லாவற்றையும் அந்த ஐவரே தயாரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘உண்மையான இறுதி’ என்று பெயரிட்ட கோப்புகள் நான்கு கணினிகளில் கிடப்பதும், கொழும்பில் இருக்கும் பணிப்பாளர் வட்ஸ்அப்பில் ‘சரி’ என்று அனுப்பிய பிறகும் விலை மாறுவதும், கடந்த பருவத்தில் பழைய விலையோடு 3,000 பிரதிகள் அச்சாகி வந்ததும் உங்கள் முறைப்பாடு. இதற்கு எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். மென்பொருளைப் பற்றிப் பின்னால் சில வரிகள் சொல்கிறேன்; அதற்கு முன் தீர்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

பணிப்பாளர் ‘சரி’ என்றாரே, எதைப் பார்த்துச் சொன்னார்? கைபேசியில் வந்த படத்தைப் பார்த்தா, மின்னஞ்சலில் வந்த வேர்ட் கோப்பைப் பார்த்தா, வடிவமைப்பாளர் அன்று மாலை மீண்டும் திருத்திய பக்கத்தைப் பார்த்தா? இதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் உங்களிடம் ஒப்புதலும் இல்லை. ஒப்புதல் துண்டுப்பிரசுரம் என்ற பொருளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு, அதில் உள்ள எழுத்துகளுக்கும் எண்களுக்கும் கொடுக்கப்படுவது. அந்தப் பதிப்பில் ஓர் எண் மாறினாலும் பழைய ஒப்புதல் செல்லாது. கையொப்பமிட்ட காசோலையில் பிறகு தொகையைத் திருத்தினால் வங்கி அதை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை என்பதை எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். துண்டுப்பிரசுரம் என்று வந்தவுடன் மட்டும், ‘அவர் முந்தாநாளே பார்த்துவிட்டார், இது சின்ன மாற்றந்தானே’ என்று சொல்லி அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறோம்.

திருகோணமலையில் முதலில் ஓர் அச்சகத்திலும் பின்னர் விடுதிகளின் விளம்பர வேலைகளிலும் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்தச் சின்ன மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை செய்த ஒரு விடுதியின் முன்பதிவு விதிகளில், பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் வருகைக்கு 48 மணித்தியாலங்களுக்கு முன்னர் ரத்துச் செய்ய வேண்டும் என்று இருந்தது. முகாமையாளர் அதை 72 என்று மாற்றச் சொன்னார். ஆங்கிலப் பிரசுரத்தில் மாற்றினோம். சிங்களப் பிரசுரத்தை அன்றைக்கே மொழிபெயர்ப்பாளர் திருத்திக் கொடுத்தார். தமிழ்ப் பிரசுரம் முதல் வாரமே ஒப்புதல் பெற்று, ‘முடிந்தவை’ என்ற கோப்புறைக்குள் போயிருந்ததால், அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, வேறு எவருக்கும் தோன்றவில்லை. இரண்டு மாதம் கழித்து யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்த ஒரு குடும்பம் இரண்டரை நாளுக்கு முன்னர் ரத்துச் செய்துவிட்டுப் பணத்தைக் கேட்டது. தமிழ்ப் பிரசுரத்தைப் படமெடுத்து அனுப்பியும் வைத்தது. அவர்கள் பக்கந்தான் நியாயம் இருந்தது. பணத்தைக் கொடுத்தோம், மீதமிருந்த பிரதிகளை எடைக்குப் போட்டோம். தமிழ் பேசும் ஊரில், தமிழர் செய்த வேலையில், தவறு தமிழ்ப் பிரதியில் நேர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே மும்மொழியில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு முதல் விதி இதுதான்: மூன்று மொழிப் பிரதிகளும் ஒரே ஆவணம். அவற்றுக்கு ஒரே பதிப்பு எண்தான் இருக்க வேண்டும். ஆங்கிலம் ஏழாவது பதிப்புக்குப் போனால், சிங்களத்திலும் தமிழிலும் மாற்றம் தேவையில்லை என்றாலும் அவையும் ஏழாவது பதிப்பாகவே பெயர் மாற வேண்டும். அப்படி மாற்றுகிறவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும், அந்தப் பார்வைக்காகத்தான் இந்த ஏற்பாடு. எந்த மொழியில் முதலில் மாற்றம் செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்கிறது. தமிழாக இருந்தாலும் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இன்று ஆங்கிலத்திலும் நாளை சிங்களத்திலும் என்று மூலம் இடம் மாறிக்கொண்டே இருந்தால், எது எதைப் பின்பற்றியது என்பதைப் பிறகு எவராலும் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பாளருக்கு முழு ஆவணத்தையும் மீண்டும் அனுப்பாமல், மாறிய வசனத்தின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். முழுப் பிரதியை அனுப்பினால் அவர் தன் மனதுக்குப் பிடிக்காத நாலு சொற்களையும் சேர்த்து மாற்றிவிடுவார்; மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்வேன்.

தமிழ்ப் பிரதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. பாமினியில் எழுதியது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் வரிசைதான். எழுத்துருவை மாற்றினால் உண்மை வெளியே வந்துவிடும். ஒரு பதிப்பு பாமினியிலும் அடுத்த பதிப்பு, தமிழைத் தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடிலும் இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டு எது மாறியது என்று காட்டும் எந்த வசதியும் பயன்படாது, ஏனென்றால் கணினியின் கணக்கில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை எல்லாமே மாறியிருக்கிறது. மாற்றிகளைக் கொண்டு யூனிகோடாக்கினாலும் சில தவறுகள் ஒளிந்துகொள்ளும். பாமினியில் ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் ளகர எழுத்தும் ஒன்றே என்பதால், ‘சௌகரியம்’ என்பது பல வேளைகளில் ‘செளகரியம்’ என்று மாறி வரும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. தேடுபொறிக்கு அவை வேறு வேறு சொற்கள். ‘சௌகரியமான அறைகள்’ என்பதை விளம்பரத்தின் தலைப்பாக வைத்திருக்கும் ஒரு விடுதிக்கு இது சிறிய விடயம் இல்லை. எனவே திருத்தம் நடக்கும் காலம் முழுவதும் தமிழ் வாசகம் யூனிகோடில் மட்டும் இருக்கட்டும். அச்சகத்துக்குப் பாமினிதான் வேண்டுமென்றால், ஒப்புதல் கிடைத்த பிறகு அவர்களே மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் அப்படி மாற்றிய பக்கத்தை நீங்கள் மீண்டும் எழுத்தெழுத்தாக வாசித்தே ஆக வேண்டும்.

இதனால்தான் நான் ஒப்புதலை இரண்டு தடவை வாங்கச் சொல்கிறேன். முதலாவது, வடிவமைப்பு எதுவும் இல்லாத வெறும் வாசகத்துக்கு. இரண்டாவது, வடிவமைத்து முடித்து அச்சுக்குப் போகும் பிடிஎஃப் கோப்புக்கு. முதல் கட்டத்தில் விலை, விதி, சொல், உரிமைகோரல் எல்லாம் தீர்க்கப்பட்டுவிட வேண்டும். இரண்டாவது கட்டத்தில், ஒப்புதல் பெற்ற வாசகம் அப்படியே பக்கத்தில் வந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். பக்கம் வடிவமைக்கும் இண்டிசைன் மென்பொருளில் தமிழுக்கு ஏற்ற ‘வேர்ல்ட்-ரெடி’ பத்தி அமைப்பைத் தெரிவுசெய்யாமல் ஒட்டினால், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வாசகத்துக்குக் கிடைத்த ஒப்புதல் இதிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. அதே நேரம், இரண்டாம் கட்டத்தில் ஒருவர் வந்து, ‘இந்த வசனத்தை இப்படி எழுதினால் என்ன’ என்று கேட்டால், அது எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும், முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கான நாள் செலவு தெரிந்தவுடன் யோசனைகளில் பாதி தாமாகவே அடங்கிவிடும்.

கோப்புப் பெயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘இறுதி’ என்ற சொல்லைப் பெயரில் வைப்பதை நிறுத்துங்கள். பொருள், மொழி, ஆண்டு முதலாக எழுதிய திகதி, பதிப்பு எண் என்ற ஒழுங்கு போதும். 2025-03-12 என்று ஆண்டை முன்னால் எழுதினால் கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். பதிப்பு எண்ணை 07 என்று இரண்டு இலக்கமாக எழுதுங்கள், இல்லாவிட்டால் சில இடங்களில் 10 வந்து 2க்கு முன்னால் நின்றுகொள்ளும். அச்சிடும் பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தின் அடியிலும் அந்த எண்ணைச் சிறிய எழுத்தில் போடுங்கள். வரவேற்பு மேசையில் கிடக்கும் ஒரு தாளை எடுத்து, இது எந்தப் பதிப்பு என்று ஐந்து விநாடியில் சொல்ல அதைவிட மலிவான வழி இல்லை.

அடுத்தது, யார் ஒப்புதல் கொடுப்பது என்பது. உங்கள் கடிதத்தின்படி ஒரே ஆவணத்தை முகாமையாளர், கணக்காளர், விற்பனைப் பொறுப்பாளர், பணிப்பாளர் ஆகிய நால்வரும் பார்க்கிறார்கள், நால்வரும் எல்லாவற்றிலும் கை வைக்கிறார்கள். கணக்காளர் ‘நீலக்கடல்’ என்ற சொல்லைப் பற்றிக் கருத்துச் சொல்லிவிட்டு விலையைப் பார்க்காமல் விடுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் அவர் பொறுப்பேற்கும் பகுதியைப் பிரித்துக் கொடுங்கள். விலையும் வரியும் கணக்காளருடையவை. அறையில் என்ன இருக்கிறது, படகு எத்தனை மணிக்குப் புறப்படும், காலை உணவு சேர்ந்ததா என்பவை விடுதி முகாமையாளருடையவை. மொழி, அந்தந்த மொழியைப் பிறப்பிலிருந்து பேசும் ஒருவருடையது. பணிப்பாளர் கடைசியாகப் பார்க்க வேண்டும், முதலாவதாகப் பார்க்கவே கூடாது. அவர் முதலில் பார்த்துவிட்டால் மற்றவர்கள் அவர் பார்த்ததை மறுத்துப் பேசத் தயங்குவார்கள். இவர்களைத் தவிர, எல்லோரிடமிருந்தும் வரும் கருத்துகளைத் திரட்டி, கோப்பில் கை வைக்கும் உரிமை உள்ளவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். மற்றவர்கள் கருத்து எழுதலாம். எழுத்தை மாற்றக் கூடாது.

விலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைச் சுட்டது அதுதான். எமது நாட்டில் பெறுமதிசேர் வரி 2022 ஜூன் 1ஆம் திகதி 8 சதவீதத்திலிருந்து 12 ஆனது, அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் திகதி 15 ஆனது, 2024 ஜனவரி 1ஆம் திகதி 18 ஆனது. இடையில், 2022 ஒக்டோபரில், 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டுக்குள் இத்தனை தடவை மாறிய ஒன்றை, ஆண்டுக்கு ஒரு முறை அச்சிடும் பிரசுரத்தில் வைப்பது எந்த ஒப்புதல் முறையாலும் காப்பாற்ற முடியாத காரியம். விலையைப் பிரசுரத்திலிருந்து வெளியே எடுத்து, தனியான ஒற்றைத் தாளாக்குங்கள். அந்தத் தாளுக்குக் கணக்காளரே உரிமையாளராக இருக்கட்டும். அதற்கு வேறு பதிப்பு எண், ‘இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை’ என்ற செல்லுபடிக் காலம், வரிகளும் சேவைக் கட்டணமும் சேர்ந்த தொகையா சேராத தொகையா என்ற ஒரு வரி ஆகியவை கட்டாயம். நிறம் போட்ட பிரசுரம் இரண்டு பருவத்துக்கு நிற்கும். விலைத்தாளை அலுவலக அச்சுப்பொறியிலேயே எடுத்து உள்ளே செருகிக்கொள்ளலாம். புறாமலைக்குச் செல்வதற்கான நுழைவுக் கட்டணத்துக்கும் இதே நியாயந்தான். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அந்தத் தீவுக்கான கட்டணத்தை அறவிடுவது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். எங்கள் கையில் இல்லாத ஒரு தொகையை எங்கள் பிரசுரத்தில் எழுதினால், அது மாறும் நாளில் எங்கள் வாக்குறுதி பொய்யாகிவிடும். ‘நுழைவுச்சீட்டு தனி’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது நல்லது.

சட்டம் தொடும் இடங்கள் இரண்டு உங்கள் கண்ணில் எப்போதும் பட வேண்டும். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கம், மதுபான விளம்பரத்தைத் தடை செய்கிறது. கடற்கரை விடுதியின் படம் எடுக்கப் போனவர் மேசைமேல் இருந்த பியர்ப் போத்தலின் பெயர் தெரியும்படி எடுத்துவிட்டால், வாசகத்தைப் பார்க்கிறவர் எவரும் அதைக் கவனிக்கப் போவதில்லை. படங்களைப் பார்ப்பதற்கும் ஒருவர் பெயர் ஒப்புதல் பட்டியலில் இருக்க வேண்டும். மற்றது, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் செயலைத் தடுக்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். ‘கடலைப் பார்த்த அறை’ என்று எழுதியிருந்தால், எல்லா அறைகளிலிருந்தும் கடல் தெரிகிறதா, மேல்மாடியில் உள்ள நான்கிலிருந்து மட்டுமா என்பதை முகாமையாளர் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.

வட்ஸ்அப்பை விட்டுவிடச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நடக்காது. ஆனால் அதில் வரும் கட்டைவிரல் அடையாளத்தையும் குரற்செய்தியையும் ஒப்புதலாக எடுக்காதீர்கள். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் மாற்றி எழுத முடியும், எப்போது வேண்டுமானாலும் ஒருவர் தன் கைபேசியை மாற்றிவிட முடியும், படமாக அனுப்பிய பக்கம் சுருங்கி எண்கள் மங்கிவிடும். பணிப்பாளருக்கு வட்ஸ்அப்தான் வசதி என்றால், பிடிஎஃப் கோப்பை ஆவணமாக அனுப்பி, ‘நிலாவெளிப் பிரசுரம், பதிப்பு 07, அச்சிட ஒப்புதல்’ என்று பதிப்பு எண்ணோடு ஒரு வரி எழுதி அனுப்பும்படி கேளுங்கள். அந்த வரி வந்தவுடன் அதைப் படமெடுத்து ஒப்புதல் பதிவேட்டில் சேருங்கள். பதிவேடு என்றவுடன் பெரிதாக எண்ண வேண்டாம்: ஆவணம், பதிப்பு, யார், எப்போது, எதற்கு என்ற ஐந்து நிரல்கள் கொண்ட ஒரு விரிதாள். ‘சரி’ என்று மட்டும் எழுதினால், ‘பதிப்பு 07க்கா ஐயா?’ என்று ஒரு முறை மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தடவை கேட்ட பிறகு அவரே எண்ணோடு எழுதத் தொடங்குவார்.

பதில் வராமல் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கருத்துக் கேட்டு அனுப்பியதற்கு, குறித்த நாளுக்குள் பதில் வராவிட்டால் கருத்து இல்லை என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம். ஒப்புதல் கேட்டு அனுப்பியதற்கு மௌனம் ஒருபோதும் சம்மதம் ஆகாது. அப்போது செய்ய வேண்டியது தொலைபேசியை எடுப்பதுதான். எங்கள் கடற்கரைக்குப் பருவம் மே மாதத்தில் சூடுபிடித்துச் செப்டம்பர் வரை நிற்கும் என்பதால், பிரசுர வேலை பெப்ரவரியிலும் மார்ச்சிலும் நடக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அச்சக ஊழியர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வந்து இயந்திரம் முழுமையாக ஓடத் தொடங்குவதற்குள் ஏப்ரல் மாதம் பாதிக்கு மேல் போய்விடும். எனவே கடைசி ஒப்புதலுக்கான நாளை மார்ச் மாதத்தின் மூன்றாவது வாரத்தில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கொழும்பில் அச்சிடுகிறவர்கள் பொதி வந்து சேரும் நாளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடும் எல்லாவற்றுக்கும் தேவை என்று நான் சொல்லவில்லை. முகநூலில் போடும் சூரிய உதயப் படத்துக்கு இரண்டு கட்ட ஒப்புதல் கேட்டால் உங்கள் ஐவரும் வேறு வேலை தேடிப் போய்விடுவார்கள். தவறு நேர்ந்தால் திரும்பப் பெற முடியுமா, பணம் போகுமா என்ற இரண்டு கேள்விகளை வைத்துப் பிரியுங்கள். திருத்தவோ அழிக்கவோ முடிகிற, விலையோ வாக்குறுதியோ இல்லாத பதிவுக்கு இன்னொருவர் ஒரு முறை வாசித்தால் போதும். விலையோ சலுகையோ உள்ள பதிவுக்குக் கணக்காளரின் ஒரு வரி வேண்டும். அச்சுக்குப் போகும் எதுவும், வீதியோரப் பதாகை உட்பட, முழு வழியையும் கடந்தே போக வேண்டும்.

இனி மென்பொருள். ஐந்து பேருக்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. கூகுள் டொக்ஸில் எல்லோரையும் ‘பரிந்துரை’ நிலையில் மட்டும் எழுத விடலாம். உரிமையாளர் ஒருவர் ஏற்பதும் மறுப்பதுமாக இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் பதிப்பு வரலாற்றில் அந்தப் பதிப்புக்குப் பெயர் வைத்துவிடலாம். வேர்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு மாற்றங்களைத் தடம் பிடிக்கும் வசதியும், இரண்டு கோப்புகளை ஒப்பிடும் வசதியும் உள்ளேயே இருக்கின்றன. ஒப்புதல் பெற்ற வாசகத்தையும் அச்சுக்குப் போகும் வாசகத்தையும் ஒப்பிட்டு, ஒரு எழுத்தும் மாறவில்லை என்று காட்டுவது ஐந்து நிமிட வேலை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கூகுள் டிரைவில் ஏற்றிய பிடிஎஃப், படக்கோப்பு போன்றவற்றின் பழைய பதிப்புகள், ‘எப்போதும் வைத்திரு’ என்று குறிக்காவிட்டால், 30 நாளிலோ 100 பதிப்புகளைத் தாண்டினாலோ அழிந்துவிடக்கூடும். பிரச்சினை எழுவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். ஆகவே ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பையும், எழுதும் உரிமை ஒருவருக்கு மட்டும் உள்ள தனிக் கோப்புறையில் சேமித்துவிடுங்கள். டிரைவுக்குள்ளேயே ஒப்புதல் கேட்டுக் கோப்பைப் பூட்டும் வசதி கட்டணம் செலுத்தும் நிறுவனக் கணக்குகளில் உண்டு; உங்களிடம் ஏற்கெனவே அத்தகைய கணக்கு இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காகவே வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் இருந்திருக்க வேண்டும். புதிய பதிப்பு வெளியானவுடன் பழையது என்ன ஆகிறது? வரவேற்பு மேசை இழுப்பறையிலும், புகையிரத நிலையத்துக்கு அருகில் உள்ள முச்சக்கரவண்டிச் சாரதிகளிடமும், கொழும்பில் உள்ள பயண முகவர்களின் மேசைகளிலும் பழைய பிரசுரங்கள் இருக்கும். முகவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பிடிஎஃப் கோப்பு அவர் கணினியில் இன்னும் இருக்கும். யாருக்கு எத்தனை பிரதி எந்தப் பதிப்பு கொடுக்கப்பட்டது என்பதை அந்த விரிதாளில் இன்னொரு பக்கமாக எழுதிவைத்தால், மாற்றம் வரும் நாளில் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று தெரியும். கடந்த பருவத்தின் 3,000 பிரதிகளில் எத்தனை இன்னும் வெளியில் இருக்கின்றன என்பதைக் கண்டுபிடிப்பதிலிருந்தே நீங்கள் தொடங்கலாம். அந்தப் பிரதிகளோடு வருகிற விருந்தினரிடம் எந்த விலையைக் கேட்பது என்பதையும் கணக்காளரும் முகாமையாளரும் இந்த வாரமே பேசி, வரவேற்பில் இருப்பவர்களுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.